பள்ளியில் வாடும் குழந்தையும் தமிழாசிரியரும்: சிங்கப்பூர்ச் சூழலை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் எல்லாரும் மகிழ்ச்சியோடு செல்வதில்லை. காலையில் சீருடை அணியும் வேளையில் வயிற்றுவலி என்று அழும் குழந்தையையும், வகுப்பில் ஒரு சொல்லும் பேசாமல் ஓராண்டைக் கழித்துவிடும் குழந்தையையும் ஆசிரியராகப் பணியாற்றும் எவரும் அறிவர். இக்குழந்தைகளைப் பெற்றோர் சோம்பல் என்றும், ஆசிரியர் அக்கறையின்மை என்றும் எளிதாக வகைப்படுத்திவிடுவது உண்டு. உண்மையில் அவர்கள் துன்பத்தில் இருக்கிறார்கள். அத்துன்பத்தைச் சொல்லும் திறம் அவர்களிடம் இல்லை. கேட்கும் நேரம் நம்மிடம் இல்லை.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிச் சூழலைக் களமாகக் கொண்டு, பள்ளியில் வாடும் குழந்தைக்குப் பெற்றோரும் ஆசிரியரும், சிறப்பாகத் தமிழாசிரியரும், எவ்வாறு துணைநிற்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. துன்பத்தின் வேர் இன்னதென்று அறியாமல் வழங்கப்படும் ஆறுதலும் கண்டிப்பும் ஒருசேரப் பயனற்றவை என்பதும், அவ்வேரை அறிவதற்குக் குழந்தை தன் சொல்லிலேயே பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதும், அவ்விடமாகத் தமிழ் வகுப்பு அமையக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

சிங்கப்பூரில் பள்ளியும் மன அழுத்தமும்

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் தம் ஏழாம் வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் சேர்கின்றனர். ஆறாம் ஆண்டின் நிறைவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதுகின்றனர். 1960ஆம் ஆண்டிலிருந்து நடத்தப்பட்டுவரும் இத்தேர்வு, பன்னிரண்டு வயதுக் குழந்தையின் வாழ்வில் மட்டுமன்றி அதன் குடும்பத்தின் வாழ்விலும் ஒரு பெருநிகழ்வாகக் கருதப்படுகிறது. தேர்வு ஆண்டில் விடுமுறைப் பயணங்களையும் உறவினர் இல்லத் திருமணங்களையும்கூடத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு.

இச்சூழலின் அழுத்தம் எண்களிலும் வெளிப்பட்டுள்ளது. பொருளியல் ஒத்துழைப்பு மேம்பாட்டு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் பதினைந்து வயது மாணாக்கரிடையே நடத்திய பன்னாட்டு மதிப்பீட்டில், நன்கு ஆயத்தம் செய்திருந்தாலும் தேர்வை எண்ணி மிகுந்த பதற்றம் கொள்வதாகச் சிங்கப்பூர் மாணாக்கருள் 76 விழுக்காட்டினர் கூறினர். அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகளுடைய சராசரி 55 விழுக்காடே ஆகும். அதே மதிப்பீட்டில் சிங்கப்பூர் மாணாக்கர் அறிவியல், வாசிப்பு, கணிதம் ஆகிய மூன்றிலும் உலகில் முதலிடம் பெற்றனர். உயர்ந்த தேர்ச்சியும் உயர்ந்த அச்சமும் ஒரே வகுப்பறையில் குடியிருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை மகிழ்ச்சியாகத்தான் இருக்கும் என்னும் நம்பிக்கை ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

கல்வி அமைச்சும் இதனை உணர்ந்து மாற்றங்கள் செய்துள்ளது. 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகள் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் வகுப்பில் மாணவர் பெற்ற தரவரிசை இடம் தேர்ச்சி அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2021இல், பிற மாணாக்கரோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பழைய மதிப்பெண் முறை கைவிடப்பட்டு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு எட்டு அடைவுநிலைகளைக் கொண்ட முறை வந்தது. அரையாண்டுத் தேர்வுகள் 2023ஆம் ஆண்டுக்குள் எல்லா நிலைகளிலும் நீங்கின. 2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதலாக விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகளும் நீங்கிவிட்டன.

இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயினும் அமைப்பு மாறுவதால் மட்டும் ஒரு குழந்தையின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. தேர்ச்சி அறிக்கையிலிருந்து நீங்கிய தரவரிசை, உறவினர் கூடும் வீட்டு வரவேற்பறையில் தொடரலாம். மேலும், பள்ளியில் எழும் துன்பங்கள் அனைத்தும் தேர்வால் எழுவன அல்ல.

உடலில் தோன்றும் துன்பம்

பள்ளிக்குச் செல்ல அஞ்சும் குழந்தையைப் பற்றிய உளவியல் ஆய்வு நெடிய வரலாறு உடையது. 1941ஆம் ஆண்டில் அடிலெய்டு ஜான்சனும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் இதனைப் 'பள்ளி அச்சம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். பின்வந்தோர் 'பள்ளி மறுப்பு' என்னும் தொடரை விரும்பினர். பெற்றோர் அறியாமல் ஊர்சுற்றுவதற்காகப் பள்ளியைத் தவிர்ப்பதும், அச்சத்தாலும் துயரத்தாலும் பெற்றோர் அறியவே வீட்டில் தங்குவதும் வெவ்வேறானவை என்னும் தெளிவு இவ்வாய்வுகளால் கிடைத்தது.

இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் முதலில் உடல்நோயையே முறையிடுவர். வயிற்றுவலி, தலைவலி, குமட்டல் ஆகியவை ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கித் திங்கட்கிழமை காலையில் மிகும். வீட்டில் இருக்கலாம் என்றவுடன் தணியும். பள்ளி விடுமுறையில் காணப்படா. இதனை நடிப்பு என்று கொள்வது பிழை. அச்சம் எழும்போது தன்னியக்க நரம்பு மண்டலம் தூண்டப்பட்டுக் குடலின் இயக்கம் மாறுகிறது. எனவே குழந்தை உணரும் வலி உண்மையான வலியே. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது பெற்றோரின் கடமை. உறுதியான பின், 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதைக் காட்டிலும், 'வலி இருக்கிறது. அது எதனால் வருகிறது என்று சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வதே பொருத்தமானது.

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதல் என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் இக்கருத்தின்மீதே எழுந்தது. அவ்வியல் செய்யுளை நோக்கி எழுதப்பட்டதேயன்றி உளமருத்துவ நூல் அன்று. எனினும் அது கூறும் சில பாகுபாடுகள் இன்றைய ஆசிரியருக்கு ஒரு வினாநிரலாகப் பயன்படக்கூடியவை.

நால்வகை வேர்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பள்ளியில் வாடும் ஒரு குழந்தையைக் காணும்போது இந்நான்கையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும்.

இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். சிங்கப்பூர்ப் பள்ளியில் இந்தியக் குழந்தைகள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். நிறம், பெயர், தலையில் தடவிய எண்ணெய், கொண்டுவந்த உணவு ஆகியவை கேலிக்கு உள்ளாகலாம். தமிழ் வகுப்பிலும் இளிவு நேர்வதுண்டு. வீட்டில் ஆங்கிலமே பேசும் குழந்தை ழகரத்தைத் தவறாக ஒலிக்கும்போது எழும் சிரிப்பை நாம் சில வேளைகளில் பொருட்படுத்துவதில்லை. பன்னாட்டு மதிப்பீட்டின் 2018ஆம் ஆண்டுச் சுற்றில், திங்களுக்குச் சில முறையேனும் பகடிவதைக்கு ஆளானதாகச் சிங்கப்பூர் மாணாக்கருள் 26 விழுக்காட்டினர் கூறினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இழவு என்பது இழத்தல். பாட்டியின் மறைவும் பெற்றோரின் மணமுறிவும் எவர் கண்ணிலும் படும் இழப்புகள். கண்ணில் படாத இழப்புகளும் உள. குழந்தையைக் கைக்குழந்தைப் பருவம் முதல் வளர்த்த இல்லப் பணிப்பெண் ஒப்பந்தம் முடிந்து தன் நாடு திரும்புவது பெற்றோருக்கு ஓர் ஏற்பாட்டுச் சிக்கல். குழந்தைக்கோ அது பெரும் பிரிவு. தமிழகத்திலிருந்து அண்மையில் குடிபெயர்ந்த குழந்தை, தாத்தா பாட்டியையும் தெருவையும் தோழரையும் ஒரே நாளில் இழந்து வந்திருக்கிறது.

அசைவு என்பதற்கு முன்பிருந்த நன்னிலை கெட்டு வருந்துதல் என்பது உரைவழிப் பொருள். பாலர் பள்ளியில் கெட்டிக்காரன் எனப் பெயர் பெற்ற பிள்ளை தொடக்கநிலை மூன்றில் முதன்முதலாகத் தேர்வெழுதிக் குறைந்த மதிப்பெண் பெறும்போது உறும் துயர் இவ்வகையைச் சார்ந்தது. தொடக்கநிலை ஐந்தில் அடிப்படைத் தமிழுக்கு மாற்றப்படும் குழந்தையும், தமிழகப் பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்துவிட்டு இங்கு ஆங்கிலம் தடுமாறுவதால் வாய்மூடி அமரும் குழந்தையும் இந்நிலையினரே. எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் இயல்பான இடர்ப்பாடு உடைய குழந்தை தன்னை அறிவிலி என்று முடிவுசெய்துவிடுவதும் உண்டு. அத்தகையோர்க்கு உரிய மதிப்பீடும் பயிற்சியும் இங்கு உள்ளன. சிங்கப்பூர் வாசிப்புக் குறைபாட்டுச் சங்கம் 1991ஆம் ஆண்டு முதல் இப்பணியில் ஈடுபட்டுவருகிறது.

வறுமை என்பது பொருளின்மை. வளம் மிக்க நகரத்தில் அது மறைந்து வாழ்கிறது. இடைவேளையில் நூலகத்திற்குச் செல்லும் பிள்ளை நூலை விரும்பிச் செல்கிறதா, சிற்றுண்டிக்குக் காசின்றிச் செல்கிறதா என்பதை ஒருவர் உடன்நடந்து பார்த்தால்தான் தெரியும். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் பாடநூல், சீருடை, பள்ளி உணவு ஆகியவற்றுக்கு வகைசெய்கிறது. கூச்சத்தால் விண்ணப்பிக்காத பெற்றோரிடம் அதனை எடுத்துச்சொல்லத் தமிழாசிரியரே ஏற்றவராக இருப்பார்.

இவற்றோடு அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் களன்களுள் ஒன்று இறை, அதாவது தமக்குத் தலைமையுடையோர், என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். குழந்தைக்குத் தலைமையுடையோர் பெற்றோரும் ஆசிரியருமே. துன்பத்தின் வேரைத் தேடுவோர் தம்மையும் அத்தேடலுள் அடக்கிக்கொள்ள வேண்டியவராவர்.

தமிழ் வகுப்பின் தனித்தன்மை

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் வகுப்பு மற்ற வகுப்புகளினின்றும் வேறுபட்டது. பல வகுப்புகளைச் சேர்ந்த இந்திய மாணாக்கர் தாய்மொழிப் பாடவேளையில் ஓர் அறையில் ஒன்றுகூடுகின்றனர். எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு. தமிழாசிரியர் ஓரிருவரே உள்ள பள்ளியில், ஒரே ஆசிரியர் ஒரு குழந்தையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கற்பிக்கும் வாய்ப்பு நேர்கிறது. வகுப்பாசிரியர் ஆண்டுதோறும் மாறக்கூடும். தமிழாசிரியரோ அப்பிள்ளை தொடக்கநிலை இரண்டில் எப்படிச் சிரித்தது என்பதையும் அறிந்திருப்பார். மாற்றத்தைக் காண்பதற்கு முன்பிருந்த நிலையை அறிந்த கண் வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. தொடக்கப்பள்ளிகளில் குணநலன், குடிமை ஆகியவை பற்றிய பாடங்கள் தாய்மொழியில் கற்பிக்கப்படுகின்றன. அச்சம், சினம், நட்பு, மன்னிப்பு ஆகியவை பற்றி வகுப்பில் பேசும் பொறுப்பு தாய்மொழியாசிரியரையே சாருகிறது. கட்டுரைப் பயிற்சியும் அவர் கையில் உள்ளது. குழந்தை தன் வாழ்வை எழுத்தில் முதலில் வெளியிடும் இடம் பெரும்பாலும் கட்டுரை ஏடே.

ஓர் எடுத்துக்காட்டினைக் கருதுவோம். 'என் நண்பன்' என்னும் தலைப்பில் ஒரு மாணவன், 'எனக்கு நண்பன் இல்லை. ரீசஸ் டைம்ல நான் தனியா உக்காந்து சாப்பிடுவேன்' என்று எழுதுகிறான் எனக் கொள்வோம். இவ்விரு தொடர்களில் திருத்தத்தக்கவை பல. சிவப்பு மையால் அவற்றைத் திருத்தி ஏட்டைத் திருப்பித்தருவது இலக்கண நோக்கில் குறையற்ற செயலே. ஆனால் அம்மாணவன் கற்றுக்கொண்டது யாது? உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்பதைத்தான். அடுத்த முறை அவன் பயிற்சி நூலிலுள்ள நண்பனைப் பற்றிப் பிழையின்றி எழுதுவான். நாமும் அதனை முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வோம்.

இங்கு மொழிவடிவம் பற்றிய வினா எழுகிறது. 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் திருத்தமான பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. வாழ்வில் பேசப்படும் மொழியாகத் தமிழ் நிலைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அப்பரிந்துரைக்கு உளநலம் சார்ந்த ஒரு பயனும் உண்டு எனலாம். துயருற்ற குழந்தை செந்தமிழில் அழுவதில்லை. பேச்சுத்தமிழும் ஆங்கிலமும் கலந்தே அதன் சொல் வெளிவரும். அந்நேரத்தில் மொழியைத் திருத்துவது வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். மொழிப் பயிற்சிக்கு வேறு நாள் உண்டு.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியருள் 41.6 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றனர்; 2020இல் அது 59.2 விழுக்காடாயிற்று. ஒரே வீட்டில் பாட்டி தமிழிலும் பேரப்பிள்ளை ஆங்கிலத்திலும் பேசும் நிலை பரவிவருகிறது. 'வயிறு வலிக்குது பாட்டி' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, 'என்னைச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க பாட்டி' என்று சொல்லத் தெரியாமற்போகலாம். கூச்சம், ஏக்கம், ஏமாற்றம், பொறாமை, தனிமை ஆகிய சொற்களை வெறும் சொற்பொருள் பட்டியலாகக் கற்பிக்காமல், அன்றாட நிகழ்வோடு இணைத்துக் கற்பிப்பின், குழந்தை தன் வீட்டிலேயே துணை தேடிக்கொள்ளும் ஆற்றலைப் பெறும்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

முதலாவது, கேட்கும் முறை. 'பள்ளி எப்படி இருந்தது?' என்னும் வினாவிற்கு 'நல்லா இருந்தது' என்பதே விடையாகும். 'இடைவேளையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?', 'பேருந்தில் எந்த இடம்?' என இடமும் நேரமும் சுட்டிக் கேட்டால் செய்தி வரும். நேருக்குநேர் அமர்ந்து கேட்பதைவிட, நடக்கும்போதோ பாத்திரம் துடைக்கும்போதோ கேட்பது குழந்தைக்கு எளிது.

இரண்டாவது, வாக்குறுதியில் எச்சரிக்கை. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று உறுதியளித்தல் கூடாது. குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று தெரிந்தால் உரியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். 'உன்னைக் காப்பவர்களிடம் மட்டும் சொல்வேன். சொல்லுமுன் உன்னிடம் கூறுவேன்' என்பதே நேர்மையான உறுதிமொழியாகும்.

மூன்றாவது, வருகையைக் காத்தல். அச்சத்தால் ஒருநாள் வீட்டில் தங்கும் குழந்தை அன்று அமைதி பெறுகிறது. அவ்வமைதியே மறுநாள் செல்வதை மேலும் கடினமாக்குகிறது. ஆகவே நீண்ட விடுப்பு மருந்தாகாது. முதல் இரண்டு பாடவேளை மட்டும், பின் இடைவேளை வரை என்று படிப்படியாகத் திரும்பும் முறையைப் பள்ளியோடு கலந்து வகுக்கலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தை அடிக்கப்படுகிறது அல்லது இழிவுபடுத்தப்படுகிறது எனில், முதலில் பள்ளியில் பாதுகாப்பை உறுதிசெய்த பின்னரே திரும்பச் சொல்லவேண்டும். உண்மையான இடருக்கு அஞ்சும் குழந்தையிடம் துணிவைக் கோருவது அறமன்று.

நான்காவது, பெற்றோர் பள்ளியை அணுகும் முறை. எந்நாளில் என்ன நிகழ்ந்தது, குழந்தை என்ன சொன்னது என்பதைக் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்திப்பது பயன்தரும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் தமிழாசிரியரை உடனிருக்குமாறு கேட்கலாம். தமிழாசிரியர் அவ்வேளையில் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இராமல், பிள்ளையை அறிந்தவராகவும் பேசுவது நலம்.

ஐந்தாவது, ஆசிரியர் தம் எல்லையை அறிதல். உறக்கமின்மை, உண்ண மறுத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், 'நான் இல்லாமற்போனால் நல்லது' என்பன போன்ற பேச்சு ஆகியவை காணப்படின், பள்ளி ஆலோசகரிடம் அன்றே தெரிவித்தல் வேண்டும். மனநலக் கழகம் 2007ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணாக்கருக்கென்று 'ரீச்' என்னும் சமூக மனநலச் சேவையைப் பள்ளி ஆலோசகர்களோடு இணைந்து நடத்திவருகிறது. சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984இல் தொடங்கிய 'டிங்கிள் ஃபிரெண்ட்' என்னும் தொலைபேசிச் சேவை தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கே உரியது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் 1771 என்னும் இருபத்துநான்கு மணிநேரத் தேசிய மனநல உதவி எண்ணும் அறிமுகமானது.

பீட்டி சாலை தரும் பாடம்

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையையொட்டி அமைந்த பீட்டி சாலையில் இரு நிறுவனங்கள் அண்மையில் நிற்கின்றன. ஒன்று சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டா. இந்திய மாணாக்கரின் கல்வி நிலை குறித்த கவலையின் விளைவாக 1991இல் தோன்றிய இச்சங்கம், துணைப்பாட வகுப்புகளோடு குடும்பங்களுக்கான ஆலோசனை உதவிகளையும் வழங்குகிறது. மற்றொன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். 1946இல் தொடங்கப்பெற்று 1982இல் மூடப்பட்ட தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் இது.

ஒன்று பிள்ளையின் தேர்ச்சியையும் குடும்ப நலத்தையும், மற்றொன்று பிள்ளையின் மொழியையும் காக்கத் தோன்றியவை. இவ்விரு பணிகளையும் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். தமிழ்ப் பாடத்தில் தேர்ச்சி குறைந்தால் துணைப்பாட வகுப்பையும், உள்ளம் சோர்ந்தால் ஆலோசகரையும் நாடுகிறோம். ஆனால் ஒரே குழந்தைதான் இரு வாயில்களிலும் நுழைகிறது. சோர்ந்த உள்ளத்தோடு மொழி கற்க இயலாது. மொழியின்றி உள்ளத்தின் சோர்வைச் சொல்லவும் இயலாது.

முடிவுரை

பள்ளியில் வாடும் குழந்தைக்கு உதவுதல் என்பது சிறப்புப் பயிற்சி பெற்றோர்க்கு மட்டுமே உரிய பணி அன்று. இளிவா, இழவா, அசைவா, வறுமையா, அன்றித் தலைமையுடையோர்பால் உள்ள அச்சமா என்று வேரை வினவுதல், திருத்துவதற்கு முன் கேட்டல், வருகையையும் பாதுகாப்பையும் ஒருசேரக் காத்தல், எல்லையறிந்து உரியவரிடம் ஒப்படைத்தல் ஆகியவை எந்த ஆசிரியராலும் இயல்வன. தமிழாசிரியர் பயிற்சியில் கட்டுரை திருத்தும் முறையோடு, கட்டுரையில் வெளிப்படும் துயரை எதிர்கொள்ளும் முறையும் சேர்க்கப்படுதல் வேண்டும். பிழை நிறைந்த ஒரு தொடருக்கு அடியில், 'நாளை இடைவேளையில் என்னை வந்து பார்' என்று எழுதுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மறுநாள் இடைவேளையில் அவ்வாசிரியர் அங்கு இருக்கவேண்டும், அதுவே தேவை.